கல் நாக்கு மணி

பெரம்பலூரில் நான் தங்கியிருக்கும் அறையின் சாவி வளையத்தில், போன மாதம் வரைக்கும் ஒரு பழைய ஆட்டு மணி தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் வெண்கல மணி. விளிம்பு ஒரு பக்கம் நசுங்கியிருக்கும். அதன் நாக்கு இரும்பு இல்லை, கல். சுண்டுவிரலில் பாதி நீளம், ஒரு முனை சீவிய பென்சில்போலக் கூராக இருக்கும் கல்லைக் கம்பியால் சுற்றி உள்ளே தொங்கவிட்டிருக்கும். அதனால் மற்ற மணிகளைப்போல அது கணீரென்று ஒலிக்காது. வெண்கலச் சொம்பை விரல் முட்டியால் தட்டினால் வருகிற மாதிரி, டொக் டொக் என்று மந்தமான ஒரு சத்தம்தான் வரும். “இந்த ஓட்ட மணிய இன்னும் எதுக்கு சார் வச்சிருக்கீங்க, நல்லதா ஒரு கீ செயின் வாங்குங்க” என்று அறையில் கூடத் தங்கியிருப்பவர் இரண்டு மூன்று தடவை சொல்லியிருக்கிறார். இது சாவிக்காகச் செய்ததல்ல, என் இடுப்பில் கட்டுவதற்காக என் அக்கா செய்தது என்று அவரிடம் சொன்னதில்லை. சொன்னால் சிரிப்பார். நானும் முன்பு அதைச் சிரிப்பாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அரியலூருக்குக் கிழக்கே சுண்ணாம்புக்கல் பூமியில் இருக்கிறது எங்கள் ஊர். மழை பெய்தால் சேறும் வெள்ளை, காய்ந்தால் புழுதியும் வெள்ளை. அப்பாவும் அம்மாவும் விடிந்ததும் கூலி வேலைக்குப் போய்விடுவார்கள். வீட்டில் மிஞ்சுவது நாலு ஆடு, அப்போதுதான் நடக்கத் தொடங்கியிருந்த நான், மூன்றாம் வகுப்பு முடித்திருந்த அக்கா. ஆட்டையும் என்னையும் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும் என்பதால் அவள் நாலாம் வகுப்புக்குப் போகவில்லை. போகாதே என்று யாரும் சொன்னதாக எங்கள் வீட்டில் நினைவில்லை. “தம்பி நடக்க ஆரம்பிச்சிட்டான்ல, அதான் நின்னுட்டேன்” என்று அவளே சொல்வாள், ஏதோ பஸ் வந்துவிட்டதால் பேச்சை நிறுத்திக்கொண்டவள் மாதிரி. எங்கள் குடும்பத்தில் பத்தாவது தாண்டியவன், கல்லூரி போனவன், வாத்தியார் ஆனவன் எல்லாம் நான்தான். அந்தப் பெருமையைச் சொல்லும்போதெல்லாம் கூடவே ஒன்றையும் சொல்லியாக வேண்டும்: நான் நடக்கத் தொடங்கியதும் அவள் பள்ளிக்கூடத்துக்கு நடப்பதை நிறுத்தியதும் ஒரே கோடையில்தான்.

ஆடு ஓடைப் பக்கம் போகும், நான் அதற்கு எதிர்ப்பக்கம் போவேன். ஒன்பது வயதுப் பெண்ணுக்கு இரண்டு பக்கமும் பார்க்க முடியாது. அதனால் கண்ணை ஆட்டுக்கும் காதை எனக்கும் பிரித்துக் கொடுத்துவிட்டாள். செத்துப்போன ஒரு கிடாயின் மணி வீட்டில் கிடந்தது. நாக்கு விழுந்துபோன மணி. கம்பியில் ஒரு ஆணியைக் கட்டியிருந்தாலே போதும். அவள் ஓடையில் பொறுக்கிய கூர்க்கல்லைத் தேடிக் கட்டினாள். “ஆட்டு மணியும் உன் மணியும் ஒரே மாரி கேட்டா நான் யாரத் தேடுவேன்?” என்று பின்னாளில் விளக்கம் சொன்னாள். அந்த மணி என் அரைஞாண் கயிற்றில் ஏறியது. அதன் பிறகு எனக்கு எல்லை கிடையாது. கருவேலங்காடு, ஓடை, கரை, வெடித்த களிமண், எங்கே வேண்டுமானாலும் போகலாம். மணலில் புனல்போலக் குழி பறித்து அடியில் ஒளிந்திருக்கும் பூச்சியைக் கோழி இறகால் கிளறியிருக்கிறேன். ஆட்டுக் கொம்புபோலச் சுருண்ட கல்லை நக்கிப் பார்த்திருக்கிறேன். டொக் டொக் என்று சத்தம் வரும்வரை அவள் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டாள். சத்தம் நின்றால் மட்டும் எழுந்து ஓடிவருவாள். “சத்தம் வந்தா நீ எங்கியோ நல்லாருக்க. நின்னா எதையோ வாயில போட்டுட்டு உக்காந்திருக்கன்னு அர்த்தம்” என்பாள். இப்படி ஓடிவந்த ஒரு நாளில் ஏறிய முள், உள்ளேயே உடைந்து, அவளுடைய வலது குதிகாலில் இன்றும் ஒரு கெட்டியான முடிச்சாக இருக்கிறது.

ஐந்து வயதில் என்னைப் பள்ளியில் சேர்க்க அவள்தான் கூட்டிப்போனாள். தலைமையாசிரியர் என் இடுப்பைப் பார்த்துவிட்டு, “ஏம்மா, இது ஆடா புள்ளயா? எதுன்னு எழுதட்டும்?” என்று கேட்க, வகுப்பே சிரித்தது. அக்காவும் சிரித்துக்கொண்டே மணியை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டாள். ஆனால் வீட்டுக்குப் போகவில்லை. மதியம் வரைக்கும் பள்ளிக்கூட வேலியைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றாள். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, ஏனென்றால் அவள் என்னைப் பார்க்கவில்லை. தலையைச் சாய்த்து எதையோ கேட்டுக்கொண்டிருந்தாள்.

இன்று நான் பெரம்பலூரில் ஒரு தனியார் பள்ளியில் அறிவியல் சொல்லிக்கொடுக்கிறேன். அந்தக் கூர்க்கல், கோடிக்கணக்கான வருடங்களுக்கு முன்பு எங்கள் ஊர் கடலாக இருந்தபோது அதில் நீந்திய, கணவாய் மீனுக்கு உறவான ஒரு பிராணியின் உடம்புக்குள் இருந்த பாகம் என்பதைக் கல்லூரியில்தான் தெரிந்துகொண்டேன். தெரிந்த அன்றே அக்காவுக்குப் போன் செய்து சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “அப்ப மீனு எலும்ப ஆட்டி ஆட்டித்தான் உன்ன மேச்சிருக்கேன்னு சொல்லு. அதான் நாத்தம் புடிச்சவனா வளந்திருக்க” என்றாள்.

போன வருடக் கடைசியில் பள்ளி நிர்வாகம் பெற்றோருக்கு ஒரு துண்டறிக்கை எழுதச் சொன்னபோது நான் முந்திக்கொண்டு ஒத்துக்கொண்டேன். பிள்ளைகள் கைபேசியில் மூழ்கிக் கிடக்கிறார்கள், அதைப் பற்றி எழுத வேண்டும். இரண்டு நாள் உட்கார்ந்து எழுதினேன். மண்ணைத் தொடாத பிள்ளைக்குக் கேள்வி பிறக்காது, கேள்வி பிறக்காத பிள்ளைக்குப் பாடம் ஏறாது, ஒரு நாளைக்கு ஒரு மணி நேரமாவது வெளியே விடுங்கள் என்றெல்லாம் எழுதினேன். நானே ஓடையில் வளர்ந்தவன் என்று ஒரு வரியும் சேர்த்தேன். எழுதியதில் எனக்கு இப்போதும் பொய் என்று எதுவும் தோன்றவில்லை. எழுதி முடித்ததும் அக்காவுக்குப் போனில் படித்துக் காட்டினேன். பின்னால் ஒரு கார்ட்டூன் கரடி பாடிக்கொண்டிருந்தது. முழுவதும் கேட்டுவிட்டு, “நல்லா எழுதியிருக்கடா தம்பி. யாருக்கு இது?” என்றாள்.

கேலியாகத்தான் கேட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். அக்காவை உள்ளூரிலேயே கட்டிக்கொடுத்திருக்கிறோம், சாலையோரத் தெருவில். அந்தச் சாலையில்தான் சுண்ணாம்புக்கல் லாரிகள் போகின்றன. காலை முதல் பொழுது சாய்கிற வரை ஒன்றின் பின்னால் ஒன்றாக. அத்தானும் அப்படியொரு லாரிதான் ஓட்டுகிறார். அவர்களுக்கு ஒரே பெண், ஐந்து வயது, பாப்பா என்றுதான் கூப்பிடுவோம். பாப்பா எப்போது பார்த்தாலும் சுவரில் சாய்ந்து, இரண்டு முழங்காலையும் சேர்த்து, அதன்மேல் அக்காவின் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டிருப்பாள். மாமா வந்திருக்கிறேன் என்று சொன்னால் கண்ணை எடுக்காமலே “ம்” என்பாள். காதைப் பிளக்கிற சத்தம் வேறு. குறைத்து வைக்கலாமே என்று நான் குறைத்தால், பாப்பாவே விரலை நீட்டி மறுபடி ஏற்றிவிடுவாள். ஓடையும் கருவேலங்காடும் மணியுமாக வளர்த்த ஒருத்தி, தன் பிள்ளையை இப்படி உட்கார வைத்திருக்கிறாளே என்று எனக்கு வருத்தம். வருத்தம் என்று நாகரிகமாகச் சொல்கிறேன், உண்மையில் கோபம்.

மே மாத விடுமுறையில் அக்கா வீட்டில் நாலு நாள் தங்கினேன். முந்திரிக்கொட்டை பொறுக்கும் காலம். வெள்ளென ஐந்தரை மணிக்குக் குட்டியானை லோடு வண்டி வரும், தெருப் பெண்கள் பாதிப் பேர் அதில் ஏறித் தோப்புக்குப் போய்விடுவார்கள். மதியம் இரண்டுக்குமேல்தான் திரும்புவார்கள். தோப்பில் பிள்ளைகளைச் சேர்க்கமாட்டார்கள். ஐந்தாம் நாள் காலை பத்து மணி பஸ்ஸுக்கு நான் கிளம்புவதாக ஏற்பாடு. “கதவ சும்மா சாத்திட்டுப் போ. சோறு போட்டு மூடி வச்சிருக்கேன், அவளே எடுத்துத் தின்னுப்பா. போயிட்டு போன் போடு” என்று சொல்லிவிட்டு, அத்தானின் பழைய காக்கிச் சட்டையைப் புடவைக்குமேல் போட்டுக்கொண்டு அக்கா வண்டியேறினாள்.

அவள் போன பிறகு எனக்கு ஒரு யோசனை வந்தது. சாயங்கால பஸ்ஸில் போனால் என்ன? பாப்பாவை ஓடைக்குக் கூட்டிப்போவோம். இரண்டு மணிக்கு அக்கா வரும்போது பிள்ளை கையும் காலும் மண்ணாக வாசலில் நிற்கட்டும், அவளுக்கே பழைய நினைப்பு வரட்டும். “இன்னைக்கி போனுக்கு லீவு” என்றேன். பாப்பா உதட்டைப் பிதுக்கினாள். நியாயமாக இருக்க வேண்டும் அல்லவா, “மாமா போனுக்கும் லீவு” என்று சொல்லி இரண்டையும் அணைத்து, அரிசி டிரம்மின் மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். எதிர்வீட்டுப் பெரியம்மா அந்நேரம் வாசலில் இல்லை. பத்து மணி வாக்கில் கதவைச் சாத்திவிட்டுக் கிளம்பினோம். அன்று நான் செய்த ஒவ்வொன்றும் நான் பெற்றோருக்கு எழுதியபடிதான் இருந்தது.

ஓடையில் இறங்கியதும் பாப்பா அசையாமல் நின்றாள். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தாள், கொஞ்ச நேரம் மணலைப் பார்த்தாள். பிறகு, “இப்ப என்ன வரும் மாமா?” என்று கேட்டாள். எதுவும் வராது, நாமதான் தேடணும் என்றேன். அவளுக்கு அது பிடிக்கவில்லை. அரை மணி நேரம் என் கையை விடவே இல்லை. பிறகு எப்படியோ ஒரு சுருள் கல் அவள் கண்ணில் பட்டது. எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, “முறுக்கு” என்றாள். “இத யாரு சுட்டது?” அதற்குமேல் அவளை நிறுத்த முடியவில்லை. கல் முறுக்கு, கல் சோழி, கல் விரல். இது மீனா, மீனுன்னா கண்ணு எங்க, இங்க கடல் இருந்துச்சுன்னா அது எங்க போச்சு, நடந்து போச்சா, யாராச்சும் தொரத்துனாங்களா, மறுபடி வருமா, வந்தா நம்ம வூடு நனையுமா? வகுப்பில் நாற்பது பேரிடம் ஒரு வருடம் முழுக்கக் கேட்டாலும் வராத கேள்விகள் இரண்டு மணி நேரத்தில் வந்தன. பாவாடையில் கல்லை அள்ளிக்கொண்டு, புழுதி மூஞ்சியோடு, தானே எனக்கு முன்னால் ஓடினாள். வாத்தியாராகி நான் இவ்வளவு சந்தோஷமாக இருந்த நாள் வேறு இல்லை. அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

திரும்பி வரும்போது, வேலை முடிந்து கைவிட்ட பழைய கல்வெட்டாங்குழி ஒன்று வரும். பச்சையாகத் தண்ணீர் தேங்கிய ஆழமான குழி. அதன் கரையில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் நிற்பதைத் தூரத்திலிருந்தே பார்த்தேன். நூறு நாள் வேலை நடக்கிறது என்று நினைத்தேன். “டாட்டா காட்டு” என்று பாப்பாவிடம் சொன்னேன். அவளும் காட்டினாள். கூட்டத்தில் ஒருத்தி எங்களைப் பார்த்து இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தாள். அப்போதுதான் குழியின் விளிம்பில் நின்ற காக்கிச் சட்டையை அடையாளம் கண்டேன்.

அக்கா எங்களை நோக்கி ஓடிவரவில்லை, நடந்து வந்தாள். முந்திரிக்கொட்டைப் பால் பட்டுக் கறுத்த விரல்களால் பாப்பாவின் தலையை, கன்னத்தை, தோளை, கையை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். “போன் எங்க?” என்று மட்டும் கேட்டாள். “வூட்லக்கா. டிரம்மு மேல.” பாப்பாவை இடுப்பில் தூக்கிக்கொண்டாள். பாவாடையிலிருந்து கற்கள் வழியெல்லாம் உதிர்ந்தன. பாப்பா “என் முறுக்கு, என் முறுக்கு” என்று அழ, நான் பொறுக்கிக்கொண்டே பின்னால் போனேன். வீட்டில் அக்கா போனை எடுத்து உயிரூட்டினாள். அது வர வெகுநேரம் ஆனது. கரடிப் பாட்டைத் தேடிப் போட்டு, சத்தத்தை முழுவதும் ஏற்றி, பாப்பாவின் கையில் கொடுத்தாள். பாட்டு கதவைத் தாண்டித் தெருவில் கேட்டது. எதிர்வீட்டுப் பெரியம்மா சுவரில் சாய்ந்து, “வந்துடுச்சு, வந்துடுச்சு” என்றார். கூட வந்த பெண்கள் ஒவ்வொருவராகக் கலைந்து வீட்டுக்குப் போனார்கள்.

பெரியம்மாதான் எனக்கு விளங்கவைத்தார். இரண்டு காலும் யானைக்கால்போல வீங்கியவர் அவர். “எனக்குக் காலு ஒதவாது தம்பி, காது நல்லாருக்கு. உங்க அக்கா வூட்டுக்குக் கரடிப் பாட்டு. அந்தக் கடேசி வூட்டுக்கு ரயிலு பாட்டு. நடு வூட்டுப் பயலுக்குச் சண்டை போடுறது. இந்தத் தெருவுல ஏழு வூட்டுக்கும் ஒன்னொன்னு சொல்லி வச்சிருக்கோம். பாட்டு கேட்டா புள்ள உள்ள இருக்கு. நின்னா கூப்புடுவேன். கூப்ட்டு ஏன்னு கேக்கலன்னா இந்தப் பட்டன் போன்ல தோப்புக்கு அடிப்பேன். இன்னைக்கி நின்னுச்சு. கூப்ட்டேன். கம்ப ஊனிக்கிட்டு ரோட்டத் தாண்டி வந்து கதவத் தொறந்தா, யாரும் இல்ல. போனும் கண்ணுல படல. நான் என்னன்னு நெனப்பேன், நீயே சொல்லு.” தோப்பில் யாரோ ஒருவரின் பைக்கில் ஏறி அக்கா வந்திருக்கிறாள். நான் பத்து மணிக்கே பஸ் ஏறிவிட்டேன் என்றுதான் அவள் கணக்கு. என் போனுக்கும் அடித்திருக்கிறார்கள். அது அணைந்திருந்ததால், பஸ்ஸில் சார்ஜ் தீர்ந்துபோயிருக்கும் என்று நினைத்திருக்கிறார்கள்.

சொல்லிவிட்டு எடுத்துப்போயிருந்தால் முடிந்திருக்கும், பெரியம்மாவிடம் ஒரு வார்த்தை போதும். என் தப்பு அவ்வளவுதான் என்று அன்று மதியம் முழுவதும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் சாயங்காலம் அக்கா தேங்காயெண்ணெய் தடவிக் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது, மன்னிப்புக் கேட்கப்போன என் வாய் வேறு ஒன்றைக் கேட்டுவிட்டது. “அதுக்காக நாள் பூரா இத வச்சிட்டு உக்காந்திருக்கணுமாக்கா? எங்கிட்ட எத்தன கேள்வி கேட்டா தெரியுமா?”

“தெரியும். எங்கிட்டயும் கேப்பா” என்றாள் அவள். கையைத் தேய்ப்பதை நிறுத்தவில்லை. “பக்கத்துத் தெரு பையன் ஒருத்தன் பந்தெடுக்க ரோட்டுக்குப் போனான். பந்து திரும்பி வந்துச்சு. உங்க அத்தான் லாரி இல்ல, வேற லாரி. ஆனா இவரு அன்னைக்கி வண்டிய அங்கியே ஓரங்கட்டிட்டு நடந்தே வூட்டுக்கு வந்தாரு. மேல சீட்டுல உக்காந்தா முன்னால நிக்கிற சின்னப் புள்ள தெரியாதாம். மூணு நாளு எங்கிட்ட அதையேதான் சொன்னாரு. அப்பறம் வண்டிக்குப் போயிட்டாரு. போவாம?”

எண்ணெய்க் கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள்.

“நீ ஓடையில திரிஞ்ச, ஒத்துக்கறேன். உனக்கு நான் இருந்தேன். இவளுக்கு யாருடா இருக்கா? நீ இருக்கியா?”

ஐந்தே முக்கால் பஸ்ஸுக்கு என் பை கட்டித் தயாராக வாசலில் இருந்தது. இருவரும் அதைப் பார்த்தோம். “கெளம்பு, பஸ் போயிடும்” என்று அவளே சொன்னாள்.

பஸ்ஸில் உட்கார்ந்து யோசித்ததை இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். என் குழந்தைப்பருவம் வெட்டவெளியில் தானாக விளைந்தது என்று நம்பியிருந்தேன். தானாக விளையவில்லை. பள்ளிக்கூடத்தில் இருந்திருக்க வேண்டிய ஒரு சிறுமியின் காதுக்குள்தான் நான் ஓடியாடியிருக்கிறேன். எனக்கு விளையாட்டாக இருந்த அந்த நாலு வருடமும் அவளுக்கு வேலை. இன்று அந்த வேலையைச் செய்ய ஒரு சிறுமியை நிறுத்தி வைக்கக் கூடாது என்று சொல்கிற ஆளும் நானே. பிள்ளையை வெளியே விடுங்கள் என்று எழுதுகிற ஆளும் நானே. இரண்டும் சரிதான். இரண்டையும் சேர்த்து அக்காவின் கையில் கொடுத்தால் அவள் என்ன செய்வாள் என்பதற்கு மட்டும் என் துண்டறிக்கையில் ஒரு வரி இல்லை.

சும்மா இருக்கவில்லை நான். தெருவுக்குப் பின்னால் கிடக்கும் காலியிடத்துக்கு வேலி போட்டு விளையாட்டுத் திடலாக்க வேண்டும், சாலையில் வேகத்தடை வேண்டும் என்று மனு எழுதி ஏழு வீட்டிலும் கையெழுத்து வாங்கி ஊராட்சி அலுவலகத்தில் கொடுத்தேன். வாங்கிக்கொண்டதாக முத்திரை வைத்துக் கொடுத்தார்கள். அந்தத் தாள் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. ஜூனில் பள்ளி திறந்து, பெற்றோர் கூட்டத்தில் என் துண்டறிக்கையை என்னையே வாசிக்கச் சொன்னார்கள். “ஒரு மணி நேரமாவது வெளியே விளையாட விடுங்கள்” என்ற இடம் வந்ததும், “கூட யாராவது ஒருவர் இருந்து” என்று எழுதாத ஒன்றைச் சேர்த்துப் படித்தேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு தகப்பனார், “யாரு சார் அந்த ஒருத்தரு? பேரச் சொல்லுங்க, நாங்களும் கூப்ட்டுக்கறோம்” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு அடுத்த வரிக்குப் போனேன்.

போன மாதம் அக்கா போன் செய்தாள். “பாப்பா கல்லு கல்லுன்னு உயிர எடுக்கறா. நீ பொறுக்கிக் குடுத்துட்டுப் போனதையெல்லாம் தலமாட்டுல வச்சிட்டுப் படுக்கறா. அந்த மணி இன்னும் வச்சிருக்கியா? ஞாயித்துக்கெழம வரும்போது எடுத்துட்டு வா.” அவ்வளவுதான் சொன்னாள். அன்றிரவே சாவி வளையத்திலிருந்து மணியைக் கழற்றினேன். ஏதோ ஒரு வழி கிடைத்துவிட்டது என்றே நம்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பாப்பாவை நிற்க வைத்து, அரைஞாண் கயிற்றில் அக்கா மணியைக் கட்டினாள். எனக்குக் கட்டியபோது போட்ட அதே இரட்டை முடிச்சு. ரோட்டுப் பக்கம் வரக்கூடாது, வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம் போகக்கூடாது என்று மூன்று தடவை சொல்லவைத்தாள். பாப்பா இடுப்பை ஆட்டிப் பார்த்தாள். டொக் டொக். சிரித்துக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் இருக்கும் காலியிடத்துக்கு ஓடினாள். நானும் அக்காவும் வாசற்படியில் உட்கார்ந்தோம். அவள் சின்ன வெங்காயம் உரிக்க எடுத்து வைத்திருந்தாள், உரிக்கவில்லை. தலையைச் சாய்த்துக்கொண்டாள், பள்ளிக்கூட வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றதைப்போல. மணி கேட்டது. நன்றாகவே கேட்டது. “கேக்குதாடா?” என்றாள். “கேக்குதுக்கா.” அவள் முகத்தில் ஒன்பது வயதுப் பெண் வந்து போனதை நான் பார்த்தேன்.

பிறகு ஒரு லாரி வந்தது. அது கடந்துபோகும்வரை மணி இல்லை. அக்கா எழுந்து கொல்லைப் பக்கம் ஓடிப் பார்த்துவிட்டு வந்தாள். பாப்பா அங்கேயேதான் இருந்தாள். உட்கார்ந்தாள். அடுத்த லாரி. மறுபடி எழுந்து ஓடினாள். குதிகால் முடிச்சு உறுத்த, கொஞ்சம் நொண்டி நொண்டி ஓடினாள். நான் போகிறேன் என்றேன், கேட்கவில்லை. நாலைந்து லாரி சேர்ந்தாற்போல வந்தபோது அவள் உட்காரவே இல்லை, வீட்டைச் சுற்றிக்கொண்டே இருந்தாள். ஞாயிற்றுக்கிழமையும் ஓட்டமிருந்த அத்தானின் லாரி கடைசியாக வந்தது. வாசலில் எங்களைப் பார்த்துவிட்டு, சந்தோஷத்தில் இரண்டு முறை ஹாரன் அடித்துக்கொண்டு போனார். அந்தச் சத்தம் அடங்கியபோது மணியும் கேட்கவில்லை. அக்கா ஓடினாள். பாப்பா குத்துக்காலிட்டு ஒரு கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான். ஆனால் அக்காவால் அதற்குமேல் முடியவில்லை. கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்துவிட்டாள். “எங்காது போச்சாடா, இல்ல உண்மையிலேயே கேக்கலியா?” என்று என்னிடம் கேட்டாள். எனக்கும் கேக்கலக்கா என்றேன். அதைக் கேட்டு அவளுக்கு ஆறுதலா இல்லையா என்று தெரியவில்லை.

பாப்பா கொஞ்ச நேரம் காலை உதைத்து அழுதாள். அக்கா போனை எடுத்துக் கொடுத்ததும் நிறுத்திவிட்டாள். சுவரில் சாய்ந்து, முழங்காலைச் சேர்த்து, அதன்மேல் போனைச் சாய்த்துக்கொண்டாள். கரடி பாடத் தொடங்கியது. எதிர்வீட்டில் பெரியம்மா கட்டிலில் சாய்ந்துகொண்டார். அக்கா வெங்காயத்தை மடியில் எடுத்துக்கொண்டு உரிக்க ஆரம்பித்தாள். மணியை யாரும் அவிழ்க்கவில்லை. அது பாப்பாவின் இடுப்பிலேயே கிடந்தது. அவள் அசையாததால், ஒரு டொக்குக்கூட இல்லை. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெகுநேரம் மணி நின்றே இருந்தது. அக்கா எழுந்திருக்கவில்லை.